தண்ணீர்ப் பஞ்சமே இல்லாத வீடு

பார்த்து இறங்குங்க சார், ரெண்டாவது படி கொஞ்சம் ஆடும். வர்றவங்க எல்லாரும் கேட்டைத் திறந்ததும் காலை மேல தூக்குவாங்க. படி கீழ இருக்கும். ஏறிப் போய்த்தானே நமக்கெல்லாம் பழக்கம். இந்த வீட்டுக்கு மட்டும் இறங்கி வரணும்.

உட்காருங்க. அந்த நாற்காலி வேண்டாம், அது மங்கையோடது, கால் வலிக்கு உயரம் வெச்சு வாங்கினது. இப்படி வாங்க. மங்கை, சார் வந்துட்டார், காப்பி போடு. சர்க்கரை போடலாமா சார்? போடலாம். மங்கை, போடலாமாம்.

என்ன, கையில டேப் வெச்சிருக்கீங்க. அளக்கணுமா? தாராளமா அளங்க. கட்டில் நுழையுமா, பீரோ நுழையுமான்னு அளக்கறவங்கதான் நிஜமா வாங்கற ஆளுங்க. ஜவுளிக்கடையில இதை வாசல்லயே கண்டுபிடிச்சுடுவோம். ரவிக்கைத் துணியைக் கையில எடுத்துட்டு வர்ற அம்மா கண்டிப்பா சேலை எடுப்பாங்க. வெறுங்கையை வீசிட்டு வர்றவங்க ஏசியில உட்கார்ந்துட்டுப் போயிடுவாங்க. உங்க டேப்பைப் பார்த்ததும் எனக்கு வயித்துல பால் வார்த்த மாதிரி இருக்கு.

என் பேர் குழந்தைவேலு. தி.நகர்ல ஒரு பெரிய கடை, பட்டுப் பிரிவுல நின்னு நின்னே தலை நரைச்சவன். அந்தச் சம்பளத்துல சீட்டு போட்டு, கடன் வாங்கி, இந்த ஆனந்தவல்லி நகர்ல மனை வாங்கினப்போ இங்க மனுஷ நடமாட்டமே கிடையாது. செங்கல் இறக்கின லாரிக்காரர், ‘இங்கயா குடிவரப் போறீங்க’ன்னு பாவமா பார்த்துட்டுப் போனார்.

அப்ப ரோட்டுல இருந்து மூணு படி ஏறித்தான் வாசலுக்கு வரணும். கிரகப்பிரவேசத்துக்கு வந்த எங்க மேனேஜர், ‘என்ன குழந்தைவேலு, மேடை கட்டி உட்கார்ந்துட்டே’ன்னார். எனக்கு அன்னிக்கு இருந்த பெருமையைச் சொல்லி மாளாது. அப்புறம் தார் ரோடு போட்டாங்க. நாங்க தெருவே கூடி நின்னு பார்த்தோம். கொஞ்ச வருஷம் போனதும் அந்த ரோட்டைச் சுரண்டாம அதுக்கு மேலயே இன்னொண்ணு போட்டாங்க. அப்புறம் அதுக்கு மேல ஒண்ணு. ஒவ்வொரு தடவையும் வெயில்ல வேலை பார்க்கறாங்களேன்னு நான்தான் மோர் கரைச்சுக் கொண்டு போய்க் கொடுத்தேன். என் வீட்டைப் புதைக்க வந்தவங்களுக்கு நானே மோர் கொடுத்து உபசாரம் பண்ணியிருக்கேன் சார். என்னைப் போல ஒரு புத்திசாலியை நீங்க பார்த்திருக்க முடியாது.

வீடு அசையலை. ரோடு ஏறிடுச்சு. இப்ப ரோடு மேல, நாங்க கீழ. மழைக்காலம் வந்தா... சரி, அதையும் சொல்லிடறேன். நான் மறைச்சு ஆகப்போறது ஒண்ணுமில்லை. உள்ள காப்பி போட்டுட்டு இருக்காளே, அவ சொல்லிடுவா. ஐப்பசி பிறந்தா தெருத்தண்ணி எல்லாம் அழைக்காமலே உள்ள வந்துடும்.

போன ஐப்பசியில அப்படித்தான் வந்தது. விடியக்காலம், கரண்ட் இல்லை. மங்கை கட்டில்ல இருந்து காலைக் கீழ வெச்சா. தரைன்னு நெனச்சு வெச்ச இடத்துல தண்ணி. கதவு வரைக்கும் தட்டுத் தடுமாறிப் போயிட்டா. இதோ நீங்க உட்கார்ந்திருக்கீங்களே, அந்த இடத்துலதான் வழுக்கி விழுந்தா. கணுக்கால் போச்சு. அப்ப எங்களுக்குத் தெரியாது, சுளுக்குன்னு நெனச்சோம். நான் ஓடிப்போய் அவளை அப்படியே தூக்கி, இந்த மாடிப்படியில கொண்டு போய் உட்கார வெச்சேன். இந்த வயசுல, அந்தத் தண்ணியில, அவளைத் தூக்கறதுன்னா லேசு இல்லை சார். மெதுவாப் பேசறேன், அவளுக்குக் காது நல்லா கேட்கும்.

அதுக்கப்புறம்தான் தண்ணி ஏறுதேன்னு சமையலறைக்குப் போனேன். அரிசி எதுக்கும் உதவாதுன்னு ஆயிடுச்சு. மிக்ஸி புதுசு, பொங்கலுக்கு வாங்கினது. அதைத் தூக்கித் தலையில வெச்சுட்டு வந்தேன். லுங்கியை மடிச்சுக் கட்டியிருக்கேன். முழங்காலுக்குத் தண்ணி, தலையில மிக்ஸி. அந்த நேரம் பார்த்து மங்கை படியில உட்கார்ந்தபடியே போன்ல ஒரு படம் எடுத்தா. எடுத்து எங்க பொண்ணுக்கு அனுப்பிட்டா, ‘உங்கப்பா என்னை விட்டுட்டு மிக்ஸியைக் காப்பாத்துறார்’னு எழுதி.

வலியில ஒரு வேடிக்கைக்குச் செஞ்சாளோ என்னவோ. அந்தப் படம் என் மானத்தை வாங்கிடுச்சு. பொண்ணு பேர் பூங்கோதை, கோயம்புத்தூர்ல இருக்கா. அவ தன் மாமியாருக்கு அனுப்பினா. மாமியார் அவங்க சொந்தக்காரங்க வாட்ஸ்அப் குழுவுல போட்டாங்க. இப்ப எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும், ‘வாங்க மாமா, மிக்ஸி சௌக்கியமா’ன்னு கேட்கறாங்க. அதுக்கு முன்னாடியே அவளைத் தூக்கி உட்கார வெச்சுட்டேன்னு நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன். ஒருத்தரும் காதுல போட்டுக்கலை. மங்கையாவது வாயைத் திறந்து ‘ஆமாம், முதல்ல என்னைத்தான் தூக்கினார்’னு சொல்லலாம் இல்லையா. இன்னிவரைக்கும் சொன்னதில்லை. எல்லாரோடயும் சேர்ந்து சிரிப்பா.

போகட்டும். காலுக்குத் தகடு வெச்சாங்க. இன்னொரு தடவை விழுந்தா நடை கிடையாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். மாடியில ஒரு ரூம் இருக்கு, ஆனா அவளால ஏற முடியாது. ஆஸ்பத்திரியில அவ கையைப் பிடிச்சுட்டு நான் சொன்னேன், அடுத்த ஐப்பசிக்கு உன்னை இந்த வீட்டுல வெச்சிருக்க மாட்டேன்னு. கோதை இருக்கற அப்பார்ட்மெண்ட்லயே ரெண்டாவது மாடியில ஒரு வீடு விலைக்கு இருக்கு. லிஃப்ட் இருக்கு. இதை வித்தா அதை வாங்கலாம். மங்கை ‘சரி’ன்னா. அவ்வளவுதான் சொன்னா. அந்தச் சரிக்காகத்தான் சார் இவ்வளவு கூத்தும்.

கோதைதான் முதல்ல வீடு விக்கற ஒரு ஆப்ல விளம்பரம் போட்டா. எனக்கு வேண்டாத போன் கால் எல்லாம் வரும்னு அவ அம்மா நம்பரைக் கொடுத்துட்டா. அது அவ செஞ்ச முதல் தப்பு. அப்புறம் என்னத்த எழுதியிருந்தா தெரியுமா? ‘தனி வீடு விற்பனைக்கு, ரெண்டு படுக்கையறை.’ ஹால்ல எடுத்த ஒரு மங்கல் படம், ஓரத்துல என் பனியன் கொடியில தொங்குது. யாரு சார் வாங்குவா? கல்லாப்பெட்டி மேல சேலையைச் சுருட்டிப் போட்டுட்டு ‘எடுத்துக்குங்க’ன்னு சொன்ன மாதிரி.

தினமும் எத்தனை பேர் பார்த்தாங்கன்னு அது காட்டும். நாளுக்கு நாள் ஏறிட்டே போகுது. எனக்குச் சந்தோஷம் தாங்கலை. அப்புறம் கோதை சொன்னா, ‘அப்பா, நீங்க திறந்து பார்க்கறதையும் சேர்த்துத்தான் காட்டுது.’ பார்த்தா ஏறினதெல்லாம் நான்தான்.

அன்னிக்கே முடிவு பண்ணினேன், இதை நான் பார்த்துக்கறேன்னு. மங்கைக்குப் போன்ல பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன் தவிர ஒண்ணும் தெரியாது. நான் ஆயுசு பூரா விக்கறதையே தொழிலா வெச்சிருந்தவன். சேலை விக்கறதுக்கு ஒரு முறை இருக்கு சார். முந்தியைத்தான் முதல்ல விரிக்கணும். உடம்புப் பகுதியைக் கேட்டாத்தான் காட்டணும். எங்கயாவது ஒரு கறை, ஒரு இழை விட்டிருந்தா, அந்த மடிப்பை உள்பக்கமா போட்டு விரிக்கணும். கை தானா அதைச் செய்யும், மனசுக்கே தெரியாது.

இந்த வீட்டோட முந்தி எதுன்னு யோசிச்சேன். கோதை கல்யாணத்தப்போ வாசல்ல ரெண்டு பக்கமும் குலையோட வாழைமரம் கட்டி, சீரியல் பல்பு போட்டு, மாவிலைத் தோரணம் கட்டி எடுத்த படம் ஆல்பத்துல இருக்கு. வீடு அதுக்கு முன்னாடியும் அப்படி இருந்ததில்லை, அப்புறமும் இருந்ததில்லை. அதையே முதல் படமா போட்டுட்டேன்.

அன்னிக்குப் பொழுது சாயறதுக்குள்ள போன் வர ஆரம்பிச்சது. மங்கை எடுத்து எடுத்து என்கிட்ட கொடுக்கறா. ‘ஐயா, ஆவணியில ஒரு முகூர்த்தம், நாள் வாடகை எவ்வளவு?’ ‘சாப்பாட்டுப் பந்திக்கு எத்தனை பேர் உட்காரலாம்?’ ‘நாதஸ்வரம் நீங்களே ஏற்பாடு பண்ணுவீங்களா?’ ஒருத்தர் பொண்ணு ஜாதகத்தையே அனுப்பிட்டார், கல்யாண விஷயம்னு மட்டும் புரிஞ்சிருக்கு அவருக்கு. மங்கை அந்த ஜாதகத்தை எடுத்து வெச்சா, எங்கயாவது பொருந்தும்னு. அந்தப் பொண்ணுக்கு மங்கையோட அண்ணன் பையனையே பேசி முடிச்சுட்டாங்க. இந்த விளம்பரத்தால நடந்த ஒரே வியாபாரம் அதுதான்.

சரி, அந்தப் படம் வேண்டாம்னு எடுத்துட்டு ஹாலை எடுத்துப் போட்டேன், அந்தப் பனியனைக் கொடியில இருந்து எடுத்துட்டு. சுவர்ல எங்கப்பா, அம்மா, சித்தப்பா, மங்கையோட அப்பா, அம்மா, எல்லாரும் மாலையோட வரிசையா இருக்காங்க பாருங்க. படத்துல அழகா விழுந்திருந்தாங்க. ஒரு அம்மா போன் பண்ணி, ‘ஏங்க, அந்த வீட்டுல இத்தனை பேர் தவறியிருக்காங்களே, ஏதாவது பரிகாரம் பண்ணீங்களா’ன்னு கேட்டாங்க. அவங்க யாரும் இந்த வீட்டுல சாகலைங்க, ஊர்லதான் செத்தாங்கன்னு நான் சொன்னேன். சொல்லும்போதே தெரிஞ்சுது, இப்படிச் சொல்லி எவனும் வீடு வித்ததில்லைன்னு.

இதுக்கு நடுவுல மங்கை வேற. நம்ம வீட்டை ஊர் உலகமே பார்க்குதே, கண்ணு படாதான்னு அவளுக்குக் கவலை. வெள்ளிக்கிழமை ஆனா என் போனை மேஜை மேல வெச்சு, உப்பும் மிளகாயும் எடுத்து மூணு தடவை சுத்தி அடுப்புல போடுவா. ‘நாமளே எல்லாரும் பார்க்கணும்னு போட்டிருக்கோம், நீ யாரும் பார்க்கக்கூடாதுன்னு சுத்தறியே’ன்னு கேட்டேன். ‘பார்க்கட்டும், பொறாமைப்படக் கூடாது’ன்னா. பள்ளத்துல கிடக்கற வீட்டைப் பார்த்து யாருக்கு சார் பொறாமை வரும்? ஆனா வாதாடலை. அவ சுத்தின வாரம் போன் வரலை, சுத்தாத வாரமும் வரலை.

அப்புறம்தான் எனக்கு அந்த யோசனை வந்தது. வீடு பள்ளத்துல இருக்கறதே வெளியே தெரியக்கூடாது. நின்னு எடுத்தா தெரியுது. உட்கார்ந்து எடுத்தாலும் தெரியுது. படுத்து எடுத்தா? காலங்காத்தால ஜனநடமாட்டம் வர்றதுக்கு முன்னாடி, நடு ரோட்டுல மல்லாக்கப் படுத்து, தலையை மட்டும் தூக்கிட்டு எடுத்துப் பார்த்தேன். கேட்டு உயரமா தெரியுது, மாடி வானத்தைத் தொடுது. அடடா, மேனேஜர் சொன்ன மேடை திரும்பி வந்துடுச்சுன்னு அப்படியே படுத்துட்டேன். ஒரு கண்ணை மூடிட்டு இன்னொரு கண்ணால பார்க்கறேன், இன்னொண்ணு எடுக்கலாம்னு.

எதிர்வீட்டு சூசை சார் பால் வாங்க வந்தவர் என்னைப் பார்த்துட்டார். நான் விழுந்து கிடக்கேன்னு நெனச்சுட்டார். பாவம், நல்ல மனுஷன். ஓடிப்போய் ஒரு சொம்பு தண்ணி கொண்டு வந்து மூஞ்சியில சளார்னு அடிச்சார். எழுந்திரிக்கப் பார்த்தா நெஞ்சுல கையை வெச்சு அமுக்கறார், ‘அசையாதீங்க, அசையாதீங்க’ன்னு. மங்கை சுவரைப் பிடிச்சுட்டு அந்தப் படியில ஏறி வெளியே வந்துட்டா, அந்தக் காலோட. அவ முகத்தைப் பார்த்ததும் எனக்கு என்னமோ ஆயிடுச்சு. ‘ஒண்ணுமில்லை, படம் எடுத்தேன்’னு சொன்னேன். அவ சேலைத் தலைப்பால என் சட்டை ஈரத்தைத் துடைச்சுவிட்டா. உள்ள வந்ததும், ‘படமாவது நல்லா வந்துதா’ன்னு கேட்டா.

வந்துது சார். அதை மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். அந்தப் படத்தோட எழுத்தையும் மாத்தினேன். தெற்குப் பார்த்த வீடுன்னா பாதிப் பேர் ஓடிடறாங்க, அதனால ‘தென்றல் வீசும் வாசல்’னு எழுதினேன். பள்ளத்துல இருக்கறதை ‘கடும் கோடையிலும் குளுகுளு’ன்னு எழுதினேன். கடைசியில ஒரு வரி போட்டேன் பாருங்க, இப்ப நெனச்சாலும் என் முதுகை நானே தட்டிக்கணும் போல இருக்கு. ‘தண்ணீர்ப் பஞ்சம் என்ற பேச்சுக்கே இடமில்லை.’ பொய்யா சார்? ஒரு எழுத்து பொய்யா?

அது வேலை செஞ்சுது. ஆடி முடிஞ்சதும் ஒரு ஜோடி வந்தாங்க. பையன் ஏதோ கம்பெனியில இருக்கான். பொண்ணு வயித்துப் பிள்ளைக்காரி, வளைகாப்பு முடிஞ்சு கை நிறையக் கண்ணாடி வளையல். அந்தப் பொண்ணுக்கு வீடு பிடிச்சுப் போச்சு சார். ஜன்னல் ஜன்னலா போய் நிக்கறா. கிணத்துத் தண்ணியைக் கையில வாங்கிக் குடிச்சா. ‘தொட்டில் இங்க கட்டலாம்’னு புருஷன்கிட்ட விட்டத்தைக் காட்டறா. கோயம்புத்தூர் லிஃப்ட்டே வந்து வாசல்ல நிக்கற மாதிரி இருந்தது.

கிளம்பற நேரத்துல அந்தப் பொண்ணு கேட்டா, ‘ஐயா, மழைக்குத் தண்ணி உள்ள வருமா?’

சாயம் போகுமான்னு கேட்டா ஒரு குரல் வெச்சிருப்போம் சார் நாங்க. அவசரமும் படக்கூடாது, தயங்கவும் கூடாது. லேசா சிரிச்சுட்டே சொல்லணும். அந்தக் குரல்ல சொன்னேன், ‘வாசல்ல கொஞ்சம் நிக்கும்மா. வடிஞ்சுடும்.’

சமையலறையில இருந்து மங்கை வந்தா. சுவரைப் பிடிச்சுட்டு மெதுவா நடந்து வந்தா. ‘அம்மாடி, உள்ளயும் வரும். முழங்கால் வரைக்கும் வரும். இதோ இந்த இடத்துலதான் நான் விழுந்தேன்’னு சொல்லி, சேலையைக் கொஞ்சம் தூக்கி கணுக்கால் தழும்பைக் காட்டினா. அந்தப் பொண்ணு மங்கை கையைப் பிடிச்சுக்கிட்டா. மங்கை அவளுக்குக் குங்குமம் கொடுத்து, பூ வெச்சு அனுப்பினா. அந்தப் பையன் என்னை ஒரு பார்வை பார்த்துட்டுப் போனான். பழைய சரக்கைப் புதுசுன்னு தலையில கட்டப் பார்த்தவனை எப்படிப் பார்ப்பாங்களோ அப்படி.

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. ‘உனக்காகத்தானேடி விக்கறேன், எனக்கென்ன இங்க குறைச்சல்’னு கத்தினேன். ‘எனக்காகன்னா, என் காலுக்குப் பதிலா அந்தப் பொண்ணு காலா? அதுவும் கைக்குழந்தையோட’ன்னா. அவ்வளவுதான். பதில் இல்லாட்டிதான் கோபம் நிறைய வரும், உங்களுக்குத் தெரியும். இனி அந்த விளம்பரத்தை நான் தொட்டா என்னை ஏன்னு கேளுன்னு சொல்லிட்டு, போனை அலமாரியில வெச்சுப் பூட்டிட்டேன். நாள் பூரா ஒரு வார்த்தை பேசலை. நான் பேசாததுல அவளுக்கு நிம்மதிதான் போல, நல்லாத் தூங்கினா.

அதுல இருந்து நான் அதைத் திறந்தே பார்க்கலை. ஆனா உள்ளுக்குள்ள பயம். புரட்டாசி வந்துட்டா யாரும் வீடு பார்க்க வரமாட்டாங்க. அது முடிஞ்சா ஐப்பசி. விடியக்காலம் முழிப்பு வந்தா கையை நீட்டித் தரையைத் தொட்டுப் பார்க்கறேன், ஈரமா இருக்கான்னு. மழையே இல்லை, தெரியும். இருந்தாலும் தொடறேன். கொடுத்த வார்த்தை ஒண்ணே ஒண்ணு. அதையும் காப்பாத்த முடியாத புருஷன்னு ஆயிடுவேனோன்னு பயமா இருக்கு சார்.

நேத்து மங்கை வந்து, ‘நாளைக்கு ஒருத்தர் வீடு பார்க்க வர்றாராம், நிதானமா இருந்து எல்லாத்தையும் கேட்டுட்டுத்தான் போவாராம்’னு சொன்னா. நான் மனசுக்குள்ள சொல்லிக்கிட்டேன், பார்த்தியா, ரோட்டுல படுத்தது வீண் போகலைன்னு. நீங்களும் வந்ததுல இருந்து குறுக்க ஒரு வார்த்தை பேசலை. இவ்வளவு பொறுமையான ஆளை நான் கடையில கூடப் பார்த்ததில்லை. பாருங்க, வித்துட்டு ஓட வேண்டியவன் உங்ககிட்ட எல்லாக் கறையையும் நானே விரிச்சுக் காட்டிட்டேன். வந்தவங்க எல்லார்கிட்டயும் இப்படித்தான் ஏதாவது பேசிக் கெடுத்துக்கறேன்னு கோதை சொல்றா. அது எனக்கு அவ்வளவா சரின்னு படலை.

ஒண்ணு மட்டும் சொல்லுங்க. எதைப் பார்த்துட்டு வந்தீங்க? தென்றல் வீசும் வாசலா, குளுகுளுவா?

ரெண்டும் இல்லையா? காட்டுங்க. இருங்க, கண்ணாடி போட்டுக்கறேன்.

இது வேற வீடு சார். இல்ல... இது நம்ம ஹால்தான். இது யாரு... ஐயய்யோ.

இது நான். மிக்ஸி. இதையா போட்டிருக்காங்க? கோதை வேலையா இருக்கும். உலகம் பூரா பார்க்கற இடத்துல, லுங்கியோட... கோதை இல்லையா? கீழ படிக்கணுமா? சரி, எழுத்தைப் பெரிசாக்குங்க.

‘தெற்குப் பார்த்த வீடு. ரோடு உயர்ந்துவிட்டதால் பள்ளத்தில் இருக்கிறது. ஐப்பசி கார்த்திகையில் முழங்கால் வரை தண்ணீர் வரும், படத்தைப் பார்க்கவும். கைக்குழந்தை, வயதானவர்கள் இருந்தால் இப்படியே குடிவர வேண்டாம். ஜாக்கி வைத்து வீட்டைத் தூக்க வசதி உள்ளவர்கள் வாங்கலாம். சுவரில் விரிசல் இல்லை. கிணற்றுத் தண்ணீரில் பருப்பு நன்றாக வேகும்.’

பருப்பு. இது மங்கை சார். பருப்பு வேகறதைப் பத்தி வேற யாரு எழுதுவா. பச்சைப் பட்டன், சிவப்புப் பட்டன்னு நான்... நம்பர் அவளோடதுதானே. என்னமோ போங்க. கறை இருக்கற மடிப்பையே முதல்ல விரிச்சுப் போட்டிருக்கா. இப்படி ஒரு வியாபாரத்தை எங்க கடையில பண்ணியிருந்தா...

இன்னும் இருக்கா?

‘வீட்டுக்காரர் நிறையப் பேசுவார். அவர் பார்த்துப் பார்த்துக் கட்டிய வீடு. நேரம் வைத்துக்கொண்டு வந்து, தயவுசெய்து கேட்கவும்.’

ஓ. அதான் நீங்க இவ்வளவு நேரம்... சரி. சரி.

‘படத்தில் மிக்ஸியோடு நிற்பவர் அவர்தான். அதற்கு முன்னால் என்னைத் தூக்கி மாடிப்படியில் உட்கார வைத்துவிட்டுத்தான் போனார்.’

...

ஒண்ணுமில்லை சார். கண்ணாடி பழசு, கொஞ்ச நேரம் படிச்சா தண்ணி வந்துடும். நீங்க ஏன் எழுந்துட்டீங்க, உட்காருங்க. அப்ப அந்த டேப் கட்டில் அளக்க இல்லையா? எத்தனை அடி தூக்கணும்னு பார்க்கவா? உங்க ஊர் வீட்டை அப்படித்தான் தூக்கினீங்களா? விழாம தூக்கினாங்களா? இந்த வீடு மறுபடியும் ரோட்டுக்கு மேல வருமா சார்? படி ஏறி உள்ள வர்ற மாதிரி?

வா மங்கை, அங்கயே ஏன் நிக்கறே. காப்பியை இப்படிக் கொடு, நான் வாங்கிக்கறேன், நீ உட்காரு. இந்தாங்க சார். எவ்வளவு நேரமா கதவு ஓரத்துல நிக்கறா பாருங்க. எல்லாம் கேட்டிருக்கும். கேட்கட்டும். மங்கை, சார் உன் விளம்பரத்தைப் பார்த்துட்டு வந்திருக்கார். நீ கூப்பிட்ட ஆள், நீயே விலையைப் பேசு. ரொம்ப இறக்கிடாதே. இறக்கினாலும் பரவாயில்லை.

சார், ரோட்டுல இருந்து அளக்கணும் இல்லையா? அந்த முனையை என்கிட்ட கொடுங்க, நான் மேல போய்ப் பிடிச்சுக்கறேன். நீங்க பாட்டுக்கு அளங்க. நான் பேச மாட்டேன்.